ரயில் வராத ஊரிலிருந்து கடலுக்கு: இருவர் மட்டும் போகும் கரையோரப் பாய்ப்படகுப் பயணத்துக்குத் தயாராவது எப்படி

"பாய்ப்படகில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் போகிறோம்" என்று கிருஷ்ணகிரியில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "எங்க, டேம்லயா?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மாவட்டத் தலைநகராக இருந்தும் ரயில் வராத ஊர் இது. பக்கத்தில் காவேரிப்பட்டணம் என்று ஒரு பட்டணம் இருக்கிறது, ஆனால் அங்கே கடலும் இல்லை, காவிரியும் இல்லை, ஓடுவது தென்பெண்ணை. இப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளர்ந்து முப்பது வயதுக்கு மேல் கடல் ஆசை வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட இருக்கும் ஒரு நண்பனும் இரண்டு வருடம் சனி ஞாயிறுகளில் சென்னைக்குப் பேருந்து ஏறிப் பாய் ஓட்டக் கற்றுக்கொண்டு, மூன்றாவது வருடம் பிப்ரவரியில் ஒருவரிடம் கேட்டு வாங்கிய 24 அடிப் படகில் கிளம்பினோம். நாங்கள் நிபுணர்கள் இல்லை. அதனால்தான் புதியவர் எங்கே இடறுவார் என்பது எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முதலில் நண்பரைப் பாருங்கள், அப்புறம் படகு

எல்லோரும் படகிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எத்தனை அடி, என்ன என்ஜின், எவ்வளவு செலவு என்று. அதெல்லாம் பிறகு. இரண்டு பேர் போகும் பயணத்தில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அதில் பாதி நேரம் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்பது. ஒருவர் மூன்று மணி நேரம் தூங்கும்போது இன்னொருவர் சுக்கானில் இருப்பார். அந்த மூன்று மணி நேரத்துக்கு அவர்தான் கேப்டன், அவர்தான் கூலி ஆள். ஆகவே "அவன் பாய் பார்த்துப்பான், நான் மேப் பார்த்துப்பேன்" என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் பேச்சே கூடாது. பாயைக் குறைப்பது (காற்று கூடும்போது பாயின் பரப்பைச் சுருக்குவது), என்ஜினைக் கிளப்புவது, ரேடியோவில் உதவி கேட்பது, நங்கூரம் போடுவது, இந்த நான்கையும் இருவரும் தனித்தனியாக, இருட்டில், மற்றவரை எழுப்பாமல் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பிய கடற்படை அதிகாரிகள் தில்னா, ரூபா இருவரும் தாரிணி படகில் வேறு யாரும் இல்லாமல்தான் போனார்கள். அவர்களோடு நம்மை ஒப்பிட முடியாது, ஆனால் கணக்கு அதே கணக்குதான்.

நண்பரோடு முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் சில. பணம் முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு எழுதிவிடுங்கள், நட்புக்குள் என்ன கணக்கு என்று விட்டால் கடைசியில் டீசல் காசில் வந்து நிற்கும். இரண்டாவது, திரும்பிவிடலாம் என்று யார் சொல்வது? எங்கள் விதி சுலபமானது. இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்கக் கூடாது, கரைக்கு வந்த பிறகும் குத்திக் காட்டக் கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், இரண்டு பேருக்குமே பயம் இருக்கும், இரண்டு பேருமே மற்றவனுக்குப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள்.

எங்கே கற்றுக்கொள்வது

பாய்ப்படகு கற்க நம் பக்கத்தில் இடம் கிடையாது. சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், 1911 முதல் இருக்கிறது. தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் சென்னைதான். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்ப்படகு வீராங்கனை நேத்ரா குமணன் சென்னைப் பெண் என்பதால், இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

முதலில் சின்னப் படகில், அதாவது டிங்கியில் கற்றுக்கொள்ளுங்கள். கவிழும், கவிழட்டும். பெரிய படகில் நேரடியாக ஏறியவருக்குக் காற்றின் எடை உடம்பில் ஏறாது. ஒகேனக்கல் பரிசலில் போயிருப்பீர்களே, அதில் ஒரு பாயைக் கட்டினால் என்ன ஆகும்? காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் போகும், சுற்றிக்கொண்டே. பாய்ப்படகு காற்றுக்குக் குறுக்கேயும், ஓரளவு காற்றை எதிர்த்தும் போவதற்குக் காரணம் தண்ணீருக்கடியில் இருக்கும் கீல் என்ற பலகை. பக்கவாட்டில் தள்ளும் காற்றை அது தடுக்கிறது, மிச்சம் இருக்கும் விசை படகை முன்னால் கொண்டு போகிறது. இது விளங்கிவிட்டால் பாதி பாடம் முடிந்தது. நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்ப்படகும் போகாது, மலைப்பாதை வளைவுகள் மாதிரி இடமும் வலமுமாக மாறி மாறித்தான் ஏற வேண்டும்.

ஊரிலேயே செய்யக்கூடிய பயிற்சி

கடல் 250 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று சும்மா உட்கார வேண்டாம். வார நாட்களில் ஊரிலேயே செய்ய நிறைய இருக்கிறது.

முடிச்சு. மாடு கட்டத் தெரிந்தவருக்கு இது பாதி தெரிந்த வித்தை. இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு முடிச்சைப் படகில் மறந்துவிடுங்கள், கை மாட்டினால் விரல் போய்விடும். மாட்டின் கழுத்தை இறுக்காமல் நிற்கும் வளைய முடிச்சு இருக்கிறதே, அதே வேலையைச் செய்வது பௌலைன். அதோடு 8 என்ற எண் வடிவில் வரும் முடிச்சு, கிளீட் என்ற கொம்பில் கயிறு சுற்றுவது, ஒரு கயிற்றை இன்னொன்றின்மேல் வழுக்காமல் கட்டும் ரோலிங் ஹிட்ச், இந்த நான்கு போதும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றை நனைத்துக்கொண்டு, ஒரு கையால் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு போட வேண்டும். என் அம்மா என்னை இரண்டு மாதம் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

நீச்சல். கிணற்று நீச்சல் நல்ல அடித்தளம், உப்புத் தண்ணீர் கிணற்றைவிட நன்றாகவே மிதக்க வைக்கும். ஆனால் கிணற்றில் அலை கிடையாது, நீரோட்டம் கிடையாது, நாலு கை போட்டால் படிக்கட்டு வந்துவிடும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துப் பாருங்கள், வாரை இடுப்புக்குக் கீழே சரியாகக் கட்டாவிட்டால் ஜாக்கெட் காதுவரை ஏறி மூச்சை முட்டும். இது தெரிய வேண்டிய இடம் கிணறு, கடல் இல்லை.

தூக்கம். இதைத்தான் யாரும் பயிற்சி செய்வதில்லை, எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி இருவரும் ஒரே வீட்டில், இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூன்று மணி நேர முறையில் மாறி மாறித் தூங்குங்கள். விழித்திருப்பவர் மொட்டை மாடியில் உட்கார வேண்டும், செல்போன் கூடாது, கால்மணிக்கு ஒரு முறை திசையையும் காற்றையும் நோட்டில் எழுத வேண்டும். முதல் தடவை நண்பன் 12 மணிக்கு என்னை எழுப்ப வந்தபோது "இன்னும் பத்து நிமிஷம் மாப்ளே" என்று கேட்டுக் கேட்டு முக்கால் மணி நேரம் திருடினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் பல் துலக்கும்போது அவன் கண் தானாக மூடியது. கடலில் அந்த முக்கால் மணி நேரம் ஒரு கப்பல் அடிவானத்திலிருந்து வந்து நம்மேல் ஏறுவதற்குத் தாராளமாகப் போதும்.

எப்போது போவது

அக்டோபர் முதல் டிசம்பர்வரை நினைத்தே பார்க்காதீர்கள். புயல் கடற்கரைக்காரர்கள் கவலை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். 2024 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறி, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியதும் அந்த நினைப்பு போய்விட்டது. கரை ஏறி இவ்வளவு தூரம் வந்த பிறகே அப்படி என்றால் கடலில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச்வரை சோழமண்டலக் கரையில் நல்ல காலம். காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து மிதமாக வரும், தெற்கே போகிறவருக்கு அது முதுகுப் பக்கக் காற்று. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வலுக்கும், இரவில் தணியும், விடியலில் நிலத்திலிருந்து மெல்லிய காற்று வீசும். மீனவர்கள் வடக்கிலிருந்து வருவதை வாடை, கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல், தெற்கிலிருந்து வருவதைச் சோழகம், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்பார்கள். இந்த நான்கு பெயர்களையும் தெரிந்துகொண்டு போனால் துறைமுகத்தில் பேச்சு எளிதாகும், "என்ன காத்துண்ணே" என்று கேட்டால் செயலியில் இல்லாத தகவல் கிடைக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. அக்டோபர் முதல் ஜனவரிவரை கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும், பிப்ரவரி வாக்கில் வடக்கு நோக்கித் திரும்பிவிடும். காற்று நம்மைத் தெற்கே தள்ளும், தண்ணீர் வடக்கே இழுக்கும். மார்ச், ஏப்ரலில் இந்த இழுப்பு அதிகம். அதனால் திட்டத்தில் வேகத்தைக் குறைத்தே எழுதுங்கள்.

வானிலைக்கு மூன்று இடம் பாருங்கள்: இந்திய வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை, ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பு, அப்புறம் விண்டி போன்ற ஒரு செயலி. மூன்றும் ஒத்துப்போனால் கிளம்பலாம். ஒன்று மட்டும் மோசமாகச் சொன்னால் அந்த ஒன்றை நம்புங்கள்.

வழியும் தூரமும்

கடல் மைல் என்பது 1,852 மீட்டர். இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம், அது அட்சரேகையில் ஒரு நிமிடம். இதில் ஒரு வசதி இருக்கிறது. சென்னை வடக்கே 13 டிகிரி 5 நிமிடம், புதுச்சேரி 11 டிகிரி 55 நிமிடம். வித்தியாசம் 70 நிமிடம், அதாவது 70 கடல் மைல். கரை தென்மேற்காகச் சாய்வதால் இன்னும் கொஞ்சம் சேர்த்து 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 4 கடல் மைல், அதாவது 4 நாட் வேகம் கிடைத்தால் 19 மணி நேரம். மேப்பின் ஓரத்தில் இருக்கும் எண்களை வைத்தே இந்தக் கணக்கைப் போடலாம், செல்போன் செத்துப்போனாலும் போடலாம்.

19 மணி நேரம் என்றால் ஒரு இரவு கடலில்தான். நடுவில் ஒதுங்கலாமா என்றால், சோழமண்டலக் கரையின் பிரச்சினையே அதுதான், இயற்கைத் துறைமுகம் கிடையாது. மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கம் இருக்கிறது, ஒதுங்க இடம் இல்லை. கல்பாக்கம் அணுமின் நிலையம் அருகே போகவே கூடாது, தள்ளியே போங்கள். ஆற்று முகத்துவாரங்களில் மணல் மேடு, அலை அங்கே உடையும். நம்மைப் போல உள்நாட்டில் வளர்ந்தவர்களுக்குக் கரையைக் கண்டால் தைரியம் வரும், பயம் வந்தால் கரைப் பக்கம் திருப்பத் தோன்றும். படகில் அது நேர்மாறு. ஆழமான தண்ணீரில் படகுக்கு ஒன்றும் ஆகாது, அது மிதக்கத்தான் கட்டப்பட்டிருக்கிறது. உடைவது கரையில்தான். நாங்கள் ஐந்து முதல் எட்டு கடல் மைல் தள்ளியே போனோம்.

புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம், இவைதான் ஒதுங்கும் இடங்கள். எங்கே நுழையலாம், எவ்வளவு ஆழம், எந்த நேரம் என்று முன்பே தொலைபேசியில் கேட்டு வையுங்கள், மணல் சேர்வதால் போன வருடத் தகவல் இந்த வருடம் உதவாது. முதல் பயணத்தை நாகப்பட்டினத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையைத் தாண்டினால் பாக் நீரிணை, ஆழம் குறைவு, 1974, 1976 ஒப்பந்தங்களின்படி வரையப்பட்ட இலங்கை எல்லை பக்கத்தில். புதியவர் விளையாடும் இடம் அல்ல.

படகில் பார்க்க வேண்டியவை

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் படகின் ஒவ்வொரு சாமானையும் கையால் தொட்டுப் பாருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒரு நூலிழை கம்பி உடைந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் மாற்ற வேண்டும், பழைய துணியால் துடைத்துப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும், அதுதான் சோதனை. கம்பிகளைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு பின்கள்மேல் டேப் சுற்றுங்கள். படகின் அடியில் இருக்கும் ஒவ்வொரு தண்ணீர்த் துளைக்கும் அளவான மரத்தக்கை ஒன்றைப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். குழாய் பிய்ந்துகொண்டால் தேட நேரம் இருக்காது. தண்ணீர் இறைக்க பம்ப் இருக்கட்டும், ஆனால் இரண்டு வாளியும் வேண்டும். பயந்த மனிதன் கையில் இருக்கும் வாளியைவிட வேகமான பம்ப் இல்லை என்று படகுக்காரர்கள் சொல்வதை நம்பலாம்.

பாயைக் குறைக்கும் வழி சரியாக இருக்கிறதா பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாய்மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 10 நாட் காற்றில் சிரித்துக்கொண்டு போகும் படகு 20 நாட் காற்றில் வேறு மிருகம். குறைக்கலாமா என்று முதல் தடவை தோன்றும்போதே குறைத்துவிடுங்கள், பிறகு முடியாது. நாங்கள் 15 நாட் காற்றிலேயே குறைத்தோம், ராத்திரிக்குக் காற்று எப்படி இருந்தாலும் குறைத்தே வைத்தோம்.

திசைகாட்டி பற்றி ஒரு வார்த்தை. முதல் மாலை நண்பன் பாட்டுக் கேட்பதற்காகச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். ஸ்பீக்கருக்குள் காந்தம். ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 20 டிகிரி தப்பாக, நேராகக் கரையைப் பார்த்துப் போயிருக்கிறோம், எனக்கு ஏதோ விளக்குகள் பெரிதாகத் தெரிகிறதே என்று தோன்றியபோதுதான் ஜிபிஎஸ்ஸைப் பார்த்தேன். செல்போன், கத்தி, சாவிக்கொத்து எதையும் அங்கே வைக்காதீர்கள். காகித மேப்பும் ஒன்று இருக்கட்டும், டேராடூனில் இருக்கும் தேசிய நீர்வரைவியல் அலுவலகம் அச்சிடுகிறது.

உயிர் காக்கும் சாமான்களும் காகிதங்களும்

லைஃப் ஜாக்கெட், உடம்பைப் படகோடு இணைக்கும் ஹார்னஸ், படகின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை தளத்தில் ஓடும் ஒரு பட்டைக் கயிறு, அதில் ஹார்னஸின் கொக்கி. இருட்டிய பிறகும், ஒருவர் தூங்கும்போதும், கொக்கி மாட்டாமல் உள்ளறையை விட்டு வெளியே காலை வைக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கப் படகு ஓரத்தில் நிற்கும் ஆண்களுக்கு இரண்டு மடங்கு சொல்கிறேன்: உட்கார்ந்து வாளியில் போங்கள், வெட்கப்பட அங்கே யாரும் இல்லை.

தண்ணீரில் விழுந்தவரை மேலே ஏற்றுவதைத் துறைமுகத்துக்குள்ளேயே பயிற்சி செய்தோம். நான் குதித்தேன், நண்பன் தூக்க வேண்டும். படகைத் திருப்பி என் பக்கத்தில் நிறுத்த நாலு நிமிடம் ஆனது, அதைப் பெருமையாகத்தான் நினைத்தான். அப்புறம் என் தோளைப் பிடித்து இழுத்தான், இழுத்தான், நனைந்த துணியோடு இருந்த என்னை அரை அடிகூடத் தூக்க முடியவில்லை. கடைசியில் ஏணியில் நானே ஏறினேன். மயங்கிய ஆள் ஏணியில் ஏறுவாரா? அன்றைக்கே பாய் ஏற்றும் கயிற்றை ஹார்னஸில் மாட்டி, வின்ச் என்ற கயிறு இழுக்கும் உருளையைச் சுற்றித் தூக்கும் முறையைக் கற்றுக்கொண்டோம். உங்கள் நண்பர் உங்களைவிட 20 கிலோ கூடுதல் என்றால் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

படகுகள் கடலில் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனல்தான் அவசரத்துக்கு. மூன்று முறை மேடே (உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம்), படகின் பெயர், இருக்கும் இடம், என்ன பிரச்சினை, எத்தனை பேர், இதை எழுதி ரேடியோவுக்கு மேலே ஒட்டுங்கள், பதற்றத்தில் சொந்தப் பெயரே மறக்கும். ரேடியோவுக்கு உரிமம் வேண்டும், படகு உரிமையாளரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கரையிலிருந்து கூப்பிட கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. சாட்டிலைட் போன் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள், அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். சாட்டிலைட் வழியாக உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் ஆபத்துக் கருவி ஒன்று படகின் பெயரில் பதிவாகி இருந்தால் நல்லது.

போலீஸ் நிறுத்திக் கேட்பார்கள், கேட்க வேண்டும்தானே. படகுப் பதிவு, உரிமையாளர் கடிதம், ஆதார் நகல், பயணத் திட்டம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் இரண்டு செட். கிளம்புமுன் துறைமுகத்திலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் தகவல் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருவரிடம் அதே திட்டம் இருக்கட்டும். நண்பனின் மனைவியிடம் கொடுத்தோம், "தினமும் காலை 8, மாலை 6. ஒரு வேளை தவறினால் காத்திரு, இரண்டு வேளை தவறினால் 1554" என்று எழுதியே கொடுத்தோம். வாயால் சொன்னால் அவர் அரை மணி நேரத்திலேயே கூப்பிட்டுவிடுவார்.

சாப்பாடு, தண்ணீர், வாந்தி

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். இரண்டு பேர், நான்கு நாள், 32 லிட்டர், அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்து 48. ஒரே பெரிய டிரம்மில் அல்ல, 5 லிட்டர் கேன்களில். ஒன்று ஓட்டையானால் ஒன்றுதான் போகும்.

முதல் நாள் சமைக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போனோம், இரண்டாம் நாளும் நன்றாகவே இருந்தது. பிறகு அவல், பொரி, கடலை மிட்டாய், வாழைப்பழம், ஊறுகாய், நம் ஊர் ராகி மாவு. ஆடும் படகில் களி கிண்ட முயற்சி செய்ய வேண்டாம், கூழ் போதும். பாத்திரமாகப் பிரஷர் குக்கர்தான் சிறந்தது, மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் கொட்டாது. சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கிக்கொண்டு ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் அடுப்பில் மட்டுமல்ல, சிலிண்டரிலேயே மூடுங்கள்.

தொப்பூர் கணவாயில் பேருந்து இறங்கும்போது உங்களுக்குக் குமட்டுமா? அப்படியானால் கடலிலும் குமட்டும், குமட்டாதவருக்கும் குமட்டலாம். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள், சில மாத்திரைகள் ஆளைத் தூக்கத்தில் ஆழ்த்திவிடும், காவல் நேரத்தில் அது தெரியவந்தால் சிரமம். குமட்டல் தொடங்கினால் உள்ளறைக்குள் போகாதீர்கள், சுக்கானைப் பிடித்து அடிவானத்தைப் பாருங்கள். இஞ்சி மரப்பா எனக்கு உதவியது, நண்பனுக்கு உதவவில்லை.

உப்புத் தண்ணீரில் நனைந்த துணியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் பின்பக்கத்தில் கொப்புளம் வரும். யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். காய்ந்த துணி இரண்டு செட்டும் தேங்காய் எண்ணெயும் கொண்டு போங்கள்.

ராத்திரி

பெரிய கப்பல் பார்த்துப் பயந்தேன், ஆனால் அவை வெளிச்சமாக, கணக்காக வரும். ஒரு விளக்கு உங்கள் படகின் ஏதாவது ஒரு கம்பிக்கு நேரே நகராமல், ஆனால் பெரிதாகிக்கொண்டே இருந்தால் அது உங்கள்மேல் மோதப் போகிறது என்று அர்த்தம், முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் மோதாது. சட்டப்படி யார் வழிவிட வேண்டும் என்று வாதாடாமல் நீங்கள் திரும்பிவிடுங்கள். பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் இழுவலைப் படகு, பின்னால் நீளமாக வலை வரும், பின்பக்கமாகக் குறுக்கே போகாதீர்கள். கஷ்டம் பைபர் படகுகள்தான். பலர் விளக்கில்லாமல் வலை விட்டுக் காத்திருப்பார்கள், நாம் கிட்டே போனதும் டார்ச் அடிப்பார்கள். அது திட்டுவது அல்ல, "வலை இருக்கிறது, தள்ளிப் போ" என்பது. நீங்களும் டார்ச்சைப் பாய்மேல் அடித்துக் காட்டுங்கள், நீங்கள் யார் என்று அவர்களுக்குப் புரியும். அவர்கள் பிழைப்பு நடக்கும் இடத்தில் நாம் பொழுதுபோக்குக்குப் போகிறோம், வலையை அறுத்துவிட்டால் காசு கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

கிளம்பும் நாளும் சேரும் நேரமும்

கிளம்பும் நேரத்தைப் புறப்படும் இடத்திலிருந்து கணக்கிடாதீர்கள், சேரும் இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். தெரியாத துறைமுகத்துக்குள் பகலில்தான் நுழைய வேண்டும். புதுச்சேரிக்கு 19 மணி நேரம், காலை 10 மணிக்குச் சேர வேண்டும் என்றால் முந்தின நாள் மதியம் 3 மணி. சீக்கிரம் வந்துவிட்டால் வெளியே பாயைக் குறைத்து நின்று விடியட்டும் என்று காத்திருங்கள். முகத்துவாரத்தில் வெள்ளையாக அலை உடைவது தெரிந்தால் நுழையாதீர்கள், அடுத்த துறைக்குப் போங்கள், தண்ணீரும் சாப்பாடும் கூடுதலாக எடுத்துவந்தது அதற்குத்தான்.

புதுச்சேரியிலிருந்து தெற்கே இறங்கும் நாள் காலையில், கடலூர் வருவதற்கு முன்னால், கரைப் பக்கம் தண்ணீர் லேசாகக் கலங்கித் தெரிந்தது. தென்பெண்ணை கடலில் சேரும் இடம் அங்கேதான், கடலூருக்குச் சற்று வடக்கே. நம் கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, சாத்தனூர் போய், அங்கே வந்து முடிகிறது. நண்பன் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் முறை வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. எழுப்பிக் காட்டலாம் என்று ஒரு கணம் தோன்றியது, எழுப்பவில்லை.